பிரதிவாதியின் வயிற்றுவலி

சின்ன காஞ்சிபுரம்
12-6-1971

அன்புத் தங்கை ஏலவார்குழலிக்கு,

அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. நீ கொடுத்தனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது. அடுத்த முறை வரும்போது பெரிய பாட்டிலாக வாங்கி வா. எனக்கு வக்கீல் ஐயாவின் கோபத்தைத் தவிர வேறு குறை இல்லை.

ஒரு நல்ல செய்தி. நம் கேஸைக் கோர்ட்டில் பதிவு செய்து நம்பர் கொடுத்துவிட்டார்கள். அதனால் என்ன என்று நீ கேட்பாய். வக்கீல் குமாஸ்தாவாக ஊராருடைய கேஸ் கட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்சீப் கோர்ட்டுப் படியேறியே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். இன்றைக்குச் சிவப்பு நாடா போட்ட ஒரு கட்டின் மேல் நம் பெயரே இருக்கிறது. வாதிகள்: அம்மா, நான், நீ. பிரதிவாதி: முனிரத்தினம் சித்தப்பா. அந்தப் பெயரை என் கையாலேயே எழுதினேன்.

நமக்கு என்ன வேண்டும் என்று நீ மறந்திருக்கக்கூடும் என்பதால் திரும்ப எழுதுகிறேன். பிள்ளையார்பாளையத்து வீடு அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. அதில் பாதி நமக்கு. நடுக்கூடத்தில் குறுக்கே ஒரு சுவர் எழுப்பினால் தெருப்பக்கம் நமக்கு, தோட்டப்பக்கம் அவருக்கு. அவ்வளவுதான் கேட்கிறோம். அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகாமல், அவர் உட்கார்ந்த தறியில் கூலிக்கு ஆளை உட்கார வைத்தார் சித்தப்பா. அம்மா அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தாளே, அது உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் இந்த வாடகை வீட்டுக்கு வந்தோம்.

இன்னொன்று. அச்சகம் வைத்திருக்கும் வீரபத்திரன் தம் பெண் காந்தாவை எனக்குத் தரச் சம்மதம் என்கிறார். ஆனால் பாகம் பிரித்து, சொந்த வாசல் வைத்த பிறகுதான் தாலி என்று கறாராகச் சொல்லிவிட்டார். பெண்ணை ஒரு தடவைதான் பார்த்தேன். அந்த ஒரு தடவையே போதும் என்று தோன்றிவிட்டது. இதைப் படித்துவிட்டுச் சிரிக்காதே.

ஜூலை எட்டாம் தேதி வாய்தா. உன்னால் வர முடியுமா என்று எழுது.

அன்புடன் அண்ணன்,
தணிகாசலம்

----

சென்னை
20-6-1971

அண்ணனுக்கு,

சிரித்தேன். ஹாஸ்டல் அறையில் கூட இருக்கும் ரமாமணி என்னவென்று கேட்கும் அளவுக்குச் சிரித்தேன். பெண் பெயர் காந்தா என்று அவளிடமும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்.

ஆனால் உன் கடிதத்தைப் பிரித்ததும் 'நம் கேஸ்' என்று பார்த்து அம்மாவுக்குத்தான் ஏதோ என்று பயந்துவிட்டேன். இங்கே ஆஸ்பத்திரியில் கேஸ் என்றால் கட்டிலில் படுத்திருக்கும் ஆள். புதுக் கேஸ், பழைய கேஸ், வெறும் வயிற்றில் வைக்க வேண்டிய கேஸ். பெயரெல்லாம் சொல்ல எங்களுக்கு நேரம் ஏது? போன வாரம் ஒரு போலீஸ்காரர் வந்து அடிதடிக் கேஸ் எங்கே என்றார். நான் மண்டையில் கட்டுப் போட்டவனைக் காட்டினேன். அவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். அவருக்குக் கேஸ் என்றால் காகிதம். ரமாமணி பி.ஏ.வுக்குப் படிக்கிறாள். இங்கிலீஷ் இலக்கணத்தில் வேற்றுமைக்கும் கேஸ் என்றுதான் பெயராம். ஸ்டோர் ரூமில் தலையணை உறைக்கும் அதே பெயர். இந்த ஒரு சொல்லை வெள்ளைக்காரன் எத்தனை வீட்டுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான் பார்.

வாய்தாவுக்கு லீவு கிடைக்காது. கையெழுத்துப் போடச் சொன்னாய், போட்டேன். அம்மாவுக்கு நிம்மதி வரும் என்றால் சரி. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அப்பா தறியில் புடவை பாதியில் நின்றது. ஏற்றிய பாவு நூலை அப்படியே விட்டால் பட்டு தொய்ந்து வீணாகிவிடும், முதலாளிக்கு யார் பதில் சொல்வது? சித்தப்பா ஆளை உட்கார வைத்தது ஆசைப்பட்டு இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. ஒரு வார்த்தை அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்காதது தப்புத்தான். அதோடு, கூடத்தில் குறுக்கே சுவர் வந்தால் அங்கே தறி நீளவாட்டில் நிற்காது. அதை நினைத்துப் பார்த்தாயா?

தைலம் வாங்கி, ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

குழலி

----

சின்ன காஞ்சிபுரம்
9-7-1971

அன்புத் தங்கைக்கு,

தறி நிற்குமா நிற்காதா என்பது பிரதிவாதியின் கவலை. அதை அவர் தம் வக்கீலிடம் சொல்லட்டும். வாதியாக இருந்துகொண்டு நீ எதிர்க்கட்சிக்கு வாதாடுகிறாய். நர்ஸ் வேலைக்குப் போகாமல் இருந்தால் நீயே கறுப்புக் கோட்டு மாட்டியிருப்பாய்.

நேற்றுக் கோர்ட்டில் நடந்ததைக் கேள். கேஸைக் கூப்பிட்டார்கள். நாங்கள் ஆஜர். சித்தப்பா வரவில்லை. அவர் வக்கீல் எழுந்து ஒரு டாக்டர் சர்டிபிகேட்டை நீட்டினார். பிரதிவாதிக்குக் கடுமையான வயிற்றுவலியாம், படுக்கையில் இருக்கிறாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழலி, வயிற்றுவலி என்பது எங்கள் தொழிலில் சாதாரணம். எந்தக் கட்சிக்காரருக்கு வாய்தா தள்ள வேண்டுமோ அவருக்கு முதல் நாள் வயிற்றுவலி வரும். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்த்துவிடுவார்கள், கால் உடைந்தது என்றால் கட்டுப் போட வேண்டும். வயிற்றுவலியை யார் பார்க்க முடியும்? எங்கள் ஆபீசுக்கே நானே ஓடிப்போய் எத்தனையோ வயிற்றுவலி வாங்கி வந்திருக்கிறேன். வாங்கிக்கொடுத்தவனிடமே விற்க வருகிறார்கள்.

வக்கீல் ஐயா காதில் சொன்னேன். அவர் கடுமையாக ஆட்சேபித்தார். முன்சீப்பும் சலித்துப்போய், இதுவே கடைசி வாய்தா, அடுத்த முறையும் பிரதிவாதி வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி என்று சொல்லிவிட்டார். அதாவது, அவர் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு நம் பக்கம் ஆகிவிடும். ஆகஸ்டு ஒன்பதாம் தேதி. வீரபத்திரன் கோர்ட்டு வாசலிலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு அச்சகத்துக்குக் கூட்டிப்போய்க் காபி வாங்கிக்கொடுத்தார். அங்கே ஈய எழுத்துகளைப் போட்டு வைத்திருக்கும் தட்டுப் பெட்டிக்குக்கூடக் கேஸ் என்றுதான் பெயராம். உன் பட்டியலில் சேர்த்துக்கொள். காந்தா உள்ளே புரூஃப் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை, ஆனால் நான் இருந்தவரை பக்கத்தையும் புரட்டவில்லை.

ஆடி போய் ஆவணி வந்தால் முகூர்த்தம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

தணிகாசலம்

----

சென்னை
16-7-1971

அண்ணா,

நேற்று மதியம் என் வார்டுக்கு ஒரு புதுக் கேஸ் வந்தது. ஸ்டிரெச்சரில் கொண்டுவந்து போட்டார்கள். சீட்டைப் பார்க்காமல் முதலில் நாடி பிடித்தேன். கைவிரலில் பட்டிழை அறுத்த தழும்பு இருந்தது. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். முனிரத்தினம் சித்தப்பா.

வயிற்றில் புண். பல மாதமாகவே வலியாம். தறியில் உட்கார்ந்தால் வயிறு மடங்கித்தான் இருக்கிறது, மடங்கினால் வலி தெரியவில்லை என்று விட்டுவிட்டாராம். கோர்ட்டுக்குக் கிளம்பிய அன்று காலை வாசற்படியிலேயே சுருண்டு விழுந்திருக்கிறார். அப்போது வந்து பார்த்த டாக்டர் எழுதிக்கொடுத்த சர்டிபிகேட்டைப் பார்த்துத்தான் உனக்குச் சிரிப்பு வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ரத்தமாக வாந்தி எடுத்ததும் ஊர் டாக்டர்கள் இங்கே அனுப்பிவிட்டார்கள். லோகாம்பாள் சின்னம்மா ஒற்றையாளாக வந்திருக்கிறாள். வார்டு வாசலில் முந்தானையை விரித்துப் படுக்கிறாள்.

என்னைப் பார்த்ததும் சின்னம்மா அழுதுவிட்டாள். "ஆண்டவன் யார் கையில கொண்டு வந்து போடறானோன்னு பயந்துக்கினே வந்தேன்மா. நம்ம வீட்டுப் பொண்ணு கையிலயே போட்டுட்டான்" என்றாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான் அவர் மேல் கேஸ் போட்டவள். அது அவளுக்கு நினைவில்லையா, நினைவிருந்தும் அப்படிச் சொன்னாளா?

ஆபரேஷன் செய்யாமல் தீராது என்கிறார் பெரிய டாக்டர். ரத்தம் மிகக் குறைந்திருப்பதால் கொஞ்சம் தேற்றிய பிறகுதான் செய்வார்கள். ஒன்பதாம் தேதிக்கு அவர் கோர்ட்டுக்கு வரும் பேச்சே இல்லை. இங்கிருந்து இன்னொரு சர்டிபிகேட் வாங்கி அவர் வக்கீலுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். "ஒரு தடவ நெசத்தச் சொன்னேன், பொய்யின்னுட்டாங்க. மறுபடியும் காயிதம் குடுக்கமாட்டேன்" என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. நோயாளிக்கு வீம்பும் ஒரு பலம்தான்.

ஆகவே உன்னைக் கேட்கிறேன். நம் பக்கத்திலிருந்தே வாய்தா கேட்கச் சொல். உன் கேஸ் ஆறு மாதம் நாடாக் கட்டுக்குள் கிடந்தால் ஒன்றும் ஆகாது. என் கேஸ் அப்படிக் கிடக்காது.

குழலி

----

சின்ன காஞ்சிபுரம்
20-7-1971

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

நீ சொல்வதைப் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் உனக்கு ஆஸ்பத்திரி தெரிந்த அளவுக்குக் கோர்ட்டுப் பக்ஷிகளைத் தெரியாது. கடைசி வாய்தா என்றதும் பெரிய ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிவிடுவது புதிதல்ல. எங்கள் கட்சிக்காரர் ஒருவர் கட்டிலில் படுத்து, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு ஒரு ஜப்தியையே தள்ளிப்போட்டார். மறுநாள் அவரைச் சினிமாக் கொட்டகையில் பார்த்தேன். அத்தனை ஆஸ்பத்திரிகள் இருக்கும்போது, நீ வேலை செய்யும் வார்டுக்கே வந்து சேர்ந்தது எப்படி? யோசித்துப் பார். உன் இளகிய மனசு அவர்களுக்குத் தெரியும்.

வக்கீல் ஐயாவிடம் சொன்னால், வாதியே வாய்தா கேட்பதா, மூளை இருக்கிறதா என்பார். வீரபத்திரன் மாப்பிள்ளை அழைப்புக்கு மேளக்காரரைக்கூடப் பார்த்துவிட்டார். இப்போது நான் பின்வாங்கினால் காந்தாவை வேலூர்ப் பக்கம் ஒரு வரனுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதை அவரே சாடையாகச் சொன்னார். எனக்கு முப்பத்திரண்டு வயது முடிந்துவிட்டது, குழலி. கேஸ் கேஸாக இருக்கட்டும். நீ வைத்தியத்தைப் பார்.

தணிகாசலம்

சாப்பாடு இறங்குகிறதா? சித்தப்பாவுக்குக் காரம் இல்லாமல் இறங்காதே.

----

சென்னை
2-8-1971

அண்ணனுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நடந்தவற்றைத் தெரிவிக்க வேண்டியிருப்பதால் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் ஆயிற்று. நான் உள்ளே போகவில்லை. எத்தனையோ பேரைத் தியேட்டர் கதவு வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சின்னம்மாவோடு பெஞ்சில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்த சின்ன டாக்டர், இந்தக் கேஸோடு யார் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் எழுந்தேன். அவர் என் யூனிபார்மைப் பார்த்துவிட்டு, சிஸ்டரைக் கேட்கவில்லை, சொந்தக்காரரைக் கேட்கிறேன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தப்பா பிழைத்துவிட்டார். ஆனால் தையல் போட்ட இடத்தில் சீழ் கோத்துக்கொண்டு, தினமும் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். இப்போது கஞ்சி மட்டும்தான், காரம் கிடையாது.

இனி நான் கேட்க வேண்டியது. நேற்று ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரத்தில் நீ வந்தாயா? எனக்கு நேற்று ஓய்வு நாள். அதைத் தெரிந்துகொண்டே வந்தாயா?

சித்தப்பா எதையும் குறையாகச் சொல்லவில்லை. "தணிகாசலம் வந்து பாத்துட்டுப் போச்சுமா" என்று மட்டும் சொன்னார். மற்றதைப் பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். நீ கட்டிலின் கால்மாட்டில் நின்றாயாம். நலமா என்றுகூடக் கேட்கவில்லையாம். சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாயாம். சித்தப்பா கொஞ்ச நேரம் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போர்வையைத் தானே விலக்கி, காயத்துக் கட்டையும் தூக்கிக் காட்டினாராம். "நல்லாப் பாத்துக்கபா. கோர்ட்ல கேட்டா நீதான சொல்லணும்" என்றாராம்.

பக்கத்துக் கட்டில்காரர், இவர் யார், இன்ஷ்யூரன்ஸ் ஆளா என்று என்னைக் கேட்டார். என் அண்ணன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்காக இதுவரை நான் வெட்கப்பட்டதே கிடையாது.

ஒன்பதாம் தேதி நீ உன் இஷ்டம் போல் செய். தீர்ப்பு வந்தால் என் பங்கு எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். காந்தா நல்ல பெண்ணாக இருப்பாள். அவள் நன்றாக இருக்கட்டும்.

குழலி

----

சின்ன காஞ்சிபுரம்
10-8-1971

அன்புள்ள குழலி,

வந்தது நான்தான். உனக்கு ஓய்வு நாள் என்று தெரிந்துதான் வந்தேன். நோய் பொய்யாக இருக்க வேண்டும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தேன். அந்தப் புண்ணைப் பார்த்த பிறகு எப்படி வெளியே வந்தேன், எந்தப் பஸ்ஸில் ஏறினேன் என்று தெரியாது. அதற்கப்புறம் எனக்குச் சோறு பிடிக்கவில்லை. அம்மா கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் நான் ஒளித்து வைத்திருந்த உன் கடிதங்களை எடுத்து வரச்சொல்லிப் படிக்கக் கேட்டாள். கேட்டு முடித்ததும், தைலத்தில் பாதியை ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றி, இதை லோகாம்பாளிடம் கொடு, வெறுந்தரையில் படுத்தால் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்றாள்.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். வக்கீல் ஐயாவிடம் முன்கூட்டியே எதையும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வழக்கம் போல அவர் பின்னால் போனேன். வீரபத்திரன் புது வேட்டி கட்டிக்கொண்டு தீர்ப்பைக் கேட்க வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நம் கேஸ் வந்தது. சித்தப்பாவின் வக்கீல் எழுந்து, கட்சிக்காரரிடமிருந்து தமக்குத் தகவல் ஏதும் இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். வழக்கப்படி டவாலி போட்ட சேவகர் வராந்தாவில் நின்று, பிரதிவாதி முனிரத்தினம் என்று கூப்பிட்டார். மூன்று தடவை கூப்பிடுவார்கள். மூன்றுக்கும் ஆள் இல்லையென்றால் முடிந்தது.

எத்தனை பெயர்களை அப்படிக் கூப்பிடக் கேட்டிருக்கிறேன். யாரும் பதில் சொல்லாவிட்டால், எங்களுக்கு ஜெயம் என்று கட்டை மடிக்கத் தொடங்குவேன். நேற்று அந்தப் பெயரை வராந்தாவில் கத்தினபோது, அப்பா தறியில் இருந்தபடியே தம்பியைக் கூப்பிடுவதுதான் காதில் விழுந்தது. அப்பாவை இரண்டாம் தடவை கூப்பிட விடமாட்டாரே சித்தப்பா, சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து வருவாரே. இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவை சேவகர் மூச்சை இழுத்தபோது நான் குரல் கொடுத்துவிட்டேன்.

முன்சீப் மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்து, நீ யார் என்றார். இரண்டாவது வாதி என்றேன். கோர்ட்டே சிரித்தது. பிரதிவாதியைக் கூப்பிட்டால் வாதி ஏன் பதில் சொல்கிறாய் என்றார். "அவர் எங்க சித்தப்பாங்க. ஆஸ்பத்திரியில இருக்கார், வர முடியாது" என்றேன். சர்டிபிகேட் உண்டா என்று கேட்டார். "இல்லீங்க. காயத்த நானே பாத்தேங்க" என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். பிரதிவாதி தேறி வரும் வரை வாய்தா.

ஆபீஸ் திரும்பியதும் வக்கீல் ஐயா, உன் கேஸை வேறு எவனிடமாவது கொண்டு போ, நாளைக்கு வேலைக்கு வருவதானால் வா, வராவிட்டாலும் சரி என்றார். இன்றைக்குப் போனேன். பேச்சு இல்லை, ஆனால் வேலை கொடுத்தார். வீரபத்திரன் கோர்ட்டு வாசலில் என்னைக் கடந்து போனார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். காந்தா விஷயம் முடிந்துவிட்டதாகத்தான் நினைக்கிறேன். நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு வலிக்கிறது. இதற்குச் சர்டிபிகேட் கிடையாது.

வீட்டைப் பற்றி இப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கேஸை வாபஸ் வாங்குவதா, உட்கார்ந்து பேசுவதா, அவர் எழுந்து நடக்கட்டும், பார்க்கலாம்.

டிஸ்சார்ஜ் என்றைக்கு என்று எழுது. பஸ் குலுக்கலில் அந்தத் தையல் தாங்காது. வாடகைக் கார் பேசிக் கொண்டு வருகிறேன். என்னோடு வர அவருக்குச் சம்மதமா என்று நீயே கேள். எனக்கு நேரில் கேட்க முகம் இல்லை.

தணிகாசலம்

----

சென்னை
13-8-1971

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு சித்தப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து அவருக்கும் சின்னம்மாவுக்கும் ஒரு தடவை வாசித்தேன். காந்தாவைப் பற்றி எழுதியதை மட்டும் விட்டுவிட்டேன். நீ குரல் கொடுத்த இடம் வந்ததும் சித்தப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் நிறுத்தினேன். மேலே படி என்று கையை ஆட்டினார்.

நீ காரோடு வந்தால் வருவீர்களா என்று கேட்டேன். ஒரு சந்தேகம் கேட்டார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"கேஸு இன்னும் நிக்குதில்ல. அவன் வாதி, நான் பிரதிவாதி. ரெண்டு பேரும் ஒரே வண்டியில போயிக்கினு இருந்தா கோர்ட்டுல ஏதாச்சும் சொல்லமாட்டாங்களா? ஏற்கெனவே என்னால பேச்சு வாங்கிக்கினு இருக்கான். அவன் வேலைக்கு ஒண்ணும் வராதுன்னா வரச்சொல்லு. வரும்னா வேணாம், நான் பஸ்ஸுலயே வந்துர்றேன்."

வியாழக்கிழமை காலை அனுப்புகிறார்கள். என்ன சொல்லட்டும் என்று எழுது.

குழலி